முகம் திருப்பியவனே குற்றவாளி

நடுவர் அவர்களே, செவ்வாய்ப்பேட்டையிலிருந்தும் ஏற்காடு அடிவாரத்திலிருந்தும் வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

மேரி ஷெல்லி எழுதி 1818-இல் வெளிவந்த ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலில் பெரிய குற்றவாளி யார்? உயிர் கொடுத்த விக்டரா, அவன் படைத்த உருவமா? விக்டர்தான் என்பது எங்கள் கட்சி. எதிரணி அம்மா அந்த உருவம் செய்த கொலைகளை அடுக்கினார்கள். விக்டரின் தம்பி வில்லியம், நண்பன் கிளெர்வல், மணப்பெண் எலிசபெத். மூன்றும் உண்மை. ஆனால் வழக்கை நடுவிலிருந்து தொடங்கலாமா? அது கண் திறந்த ராத்திரிக்கு வாருங்கள்.

நவம்பர் மாதம், வெளியே மழை. மெழுகுவர்த்தி அணையப்போகிறது. ஏறக்குறைய 2 வருடம் ஊண் உறக்கமில்லாமல் செய்த உடம்பு கண் விழிக்கிறது. முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் விக்டர் படுக்கையறைக்கு ஓடிவிட்டான். அது பின்னாலேயே வந்து, கட்டில் திரையை விலக்கி, என்னவோ முனகிச் சிரித்து, கையை நீட்டுகிறது. பச்சைப்பிள்ளை வேறென்ன செய்யும் ஐயா? அவன் படியிறங்கி ஓடியே போனான். கடைசிவரை அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. பிறந்த சில நாளிலேயே தாயைப் பறிகொடுத்த மேரி, 18 வயதில் எழுதத் தொடங்கிய கதை இது. அந்த நீட்டிய கை அவருக்குத் தெரியாத கையா?

நம் சேலம் மாவட்டத்துக்கும் தெரியும். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் முதலில் வந்தது இங்கேதான். ஆனால் தொட்டிலில் பிள்ளையை விட்ட தாயை விக்டரோடு சேர்க்க என் மனம் ஒப்பாது. அவளுக்கு வறுமை, வரதட்சணைப் பயம், புகுந்த வீட்டுப் பேச்சு. அப்படியும், யாராவது எடுத்து வளர்க்கட்டும் என்று தொட்டிலைத் தேடி வந்தாள். ஜெனிவாவில் வசதியாகப் பிறந்த விக்டருக்கு அந்த அளவு மனம்கூட இல்லை.

அது பிறவிக் கொடூரம் என்றார்கள். இல்லை! டி லேசி என்ற ஏழைக் குடும்பத்துக்கு ராத்திரியில் ஒளிந்து விறகு வெட்டிக் கொடுத்ததே! அந்த வீட்டுப் பார்வையற்ற பெரியவர் அதனிடம் அன்பாகத்தான் பேசினார். கண்ணிருந்த மகன்தான் தடியால் அடித்தான். பஜ்ஜி காபி சாப்பிட்டுவிட்டு, பெண் கறுப்பு என்று எழுந்துபோகிற மாப்பிள்ளை வீட்டார் நம் தெருவுக்கும் வருகிறார்களே. சேர்வராயன் மலையில் பிறந்து வரும் திருமணிமுத்தாற்றில் சாயத்தையும் சாக்கடையையும் கலந்தது நாம்தான். பாலத்தைக் கடக்கையில் மூக்கைப் பொத்துவதும் நாம்தான்.

கடைசியாக ஒன்று. வில்லியம் கொலைக்காக வேலைக்காரப் பெண் ஜஸ்டினைத் தூக்கில் போட்டார்கள். அவள் நிரபராதி என்று விக்டருக்குத் தெரியும். பைத்தியம் என்பார்களே என்று பயந்து வாய் திறக்கவில்லை. அந்தச் சாவை யார் கணக்கில் எழுதுவது? நடுவர் அவர்கள் தீர்ப்பில் அதைச் சொல்ல வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.