ரேஷன் கடை மூடியிருக்கிறது என்று வானொலியில் சொல்லலாமா?

வணக்கம். கையில் இருப்பதைப் பாருங்கள், கேமராவுக்குக் கொஞ்சம் அருகே கொண்டுவருகிறேன். உள்ளங்கை அளவு எஃப்.எம். ரேடியோ. பின்பக்க மூடி உடைந்துபோனதால் பேட்டரி விழாமலிருக்க ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறது. உப்புத் தண்ணீர் படாமலிருக்க மேலே ஒரு பாலித்தீன் பை. பையைப் பிரிக்காமலே, வெளியிலிருந்தே முள்ளைத் திருப்புவார் என் பெரியப்பா. பத்து வருடமாக அவரோடு கடலுக்குப் போய்வரும் ரேடியோ இது. உங்களுக்குக் காட்ட வேண்டும் என்று இரவல் வாங்கி வந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

மாற்று ஊடகம் என்றதும் இன்று எல்லோருக்கும் யூடியூப்தான் நினைவுக்கு வருகிறது. அதில் எனக்கு வருத்தம் உண்டு. ஊர் மக்களே மைக் பிடித்துப் பேசும் சமுதாய வானொலிகள் நாடு முழுவதும் சுமார் 500 இருக்கின்றன. பாம்பனில் 2016 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய கடல் ஓசை 90.4, மீனவர்களுக்கென்றே நடக்கும் வானொலி. நாகப்பட்டினம் மாவட்டம் விழுந்தமாவடியில் களஞ்சியம் சமுதாய வானொலி, சுனாமிக்குப் பிறகு முளைத்தது. இந்தியாவின் முதல் சமுதாய வானொலியே சென்னையில்தான், 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் தொடங்கியது. இவையெல்லாம் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆனால் இவற்றால் ஒன்றைச் செய்ய முடியாது. தன் ஊர்ச் செய்தியைச் செய்தியாகச் சொல்ல முடியாது. சட்டம் அனுமதிக்கவில்லை.

போன மாதம் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு கடலோர ஊரில் சமுதாய வானொலி நிலையத்துக்குப் போயிருந்தேன். எந்த நிலையம் என்று சொல்ல மாட்டேன், அவர்களுக்குச் சங்கடம் வரக் கூடாது. ஒரே ஒரு அறை, சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருந்தது. பதிவு நடக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள், எல்லோருக்கும் வியர்த்துக் கொட்டும். நேயர் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. இடையில் பாட்டு ஒலித்தபோது தொலைபேசி மணி அடித்தது. ஒரு பாட்டி பேசினார். "மூன்று நாளாக ரேஷன் கடை திறக்கவில்லை தாயி. நாலு கிலோமீட்டர் நடந்து போய்விட்டு வெறும் பையோடு திரும்பி வந்திருக்கிறேன். என்னை மாதிரி யாரும் அலையாமல் இருக்க ரேடியோவில் ஒரு வார்த்தை சொல்."

அறிவிப்பாளர் ஒரு இளம்பெண், இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். ஒரு தாளை எடுத்து, "மூன்று நாட்களாக ரேஷன் கடை திறக்கப்படவில்லை" என்று எழுதினார். எழுதியதைப் பார்த்தார், பேனாவால் அடித்தார். அதன் கீழே, "ரேஷன் கடைக்குச் செல்லும் நேயர்கள், கடை திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் புறப்படவும்" என்று எழுதினார். பாட்டு முடிந்ததும் அதைத்தான் வாசித்தார். முதல் வரி செய்தி. இரண்டாவது வரி பொது அறிவிப்பு. முதலாவதைச் சொன்னால் உரிமத்துக்கு ஆபத்து வருமோ என்ற பயம். அடித்த வரியையும் எழுதிய வரியையும் தாங்கிய அந்தத் தாளைக் கேட்டேன், அவர் தரவில்லை. தராதது சரிதான்.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

1993இல் ஹீரோ கோப்பை கிரிக்கெட் போட்டியை யார் ஒளிபரப்புவது என்பதில் வங்காள கிரிக்கெட் சங்கத்துக்கும் மத்திய அரசுக்கும் தகராறு வந்தது. அந்த வழக்கில் 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. அலைவரிசைகள் பொதுச் சொத்து, அரசின் ஏகபோகம் அல்ல என்றது நீதிமன்றம். கிரிக்கெட்டுக்காகப் போட்ட வழக்கில் கிராமத்துக்கு ஒரு கதவு திறந்தது. ஆனால் உள்ளே நுழைய வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. 2002இல் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் அனுமதி கொடுத்தார்கள். தொண்டு நிறுவனங்களும் நிலையம் தொடங்கலாம் என்ற கொள்கை 2006 நவம்பரில்தான் வந்தது.

அந்தக் காத்திருப்பை நினைத்தால் எனக்கு மாச்நூர் கிராமம்தான் நினைவுக்கு வரும். தெலங்கானாவில் ஜஹீராபாத் பக்கத்தில் இருக்கிறது. டெக்கான் டெவலப்மெண்ட் சொசைட்டி என்ற தொண்டு நிறுவனத்தின் சங்கங்களில் இருக்கும் தலித் பெண்கள், உரிமம் கிடைக்கும் முன்பே நிகழ்ச்சி தயாரிக்கத் தொடங்கிவிட்டார்கள். விதை, சிறுதானியம், கைவைத்தியம், பாட்டு எல்லாவற்றையும் கேசட்டில் பதிவு செய்து சங்கக் கூட்டங்களில் போட்டுக் காட்டினார்கள். வானொலி நிலையம் இருக்கிறது, நிகழ்ச்சி இருக்கிறது, காற்றில் விட மட்டும் அனுமதி இல்லை. 2008 அக்டோபர் 15 அன்றுதான் அவர்களுடைய சங்கம் ரேடியோ ஒலிபரப்பாகத் தொடங்கியது. அவ்வளவு பொறுமையாக இருந்தவர்களுக்கும் அதே நிபந்தனைதான்: செய்தியும் நடப்பு நிகழ்வுகளும் கூடாது.

பிற்பாடு ஒரு சலுகை வந்தது. ஆகாசவாணியின் செய்தியை அப்படியே எடுத்தோ, உள்ளூர் மொழியில் மாற்றியோ ஒலிபரப்பலாம். டெல்லியில் என்ன நடந்தது என்று அந்தப் பாட்டிக்குச் சொல்லலாம், அவருடைய தெருவில் என்ன நடந்தது என்று சொல்லக் கூடாது. தனியார் எஃப்.எம். நிலையங்களுக்கும் இதே தடைதான். ஆனால் அவை பாட்டைப் போட்டுப் பிழைத்துக்கொள்ளும். நூறு வாட் சக்தியில், பத்துப் பதினைந்து கிலோமீட்டர் மட்டும் எட்டும் ஊர் வானொலிக்கு, ஊரைப் பற்றிப் பேசுவதைத் தவிர வேறு என்ன வேலை?

நான் எந்த உரிமமும் வாங்கவில்லை. இந்தச் செல்போன் முன்னால் உட்கார்ந்து எந்த ஊர்ச் செய்தியையும் பேசுகிறேன். தொலைக்காட்சியில் நாள் முழுக்கச் செய்தி ஓடுகிறது. நாளிதழில் எதையும் எழுதலாம். உள்துறை அமைச்சகத்தின் பாதுகாப்பு ஒப்புதல் வரை வாங்கி, ஒலிபரப்பிய எல்லாவற்றையும் மூன்று மாதம் பத்திரப்படுத்தி வைக்க வேண்டிய அந்த நிலையத்துக்கு வாய்ப்பூட்டு. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. மறைக்க விரும்பவில்லை.

ஊர்ச் செய்தி சொல்லும் வேலையைப் பெரிய ஊடகங்கள் பார்த்துக்கொள்ளும் என்று சிலர் சொல்வார்கள். ஒரு நாளிதழில் மூன்று வருடம் பகுதி நேர நிருபராக இருந்தவன் நான். பெயர் வேண்டாம். முந்நூறு வீடுகள் இருக்கும் ஒரு குப்பத்துக்குப் பதினோரு நாள் குடிநீர் வரவில்லை. போய்ப் பார்த்து, குழாயடியில் வரிசையாகக் காய்ந்து கிடந்த குடங்களைப் படம் எடுத்து, இருநூறு வார்த்தை எழுதி அனுப்பினேன். நாலாம் நாள் மூன்று வரியாக வந்தது. படம் வரவில்லை. கடைசி நேரத்தில் விளம்பரம் வந்துவிட்டது, பக்கம் இல்லை என்றார்கள். செய்திகளைத் தேர்ந்து திருத்தும் அந்த டெஸ்க்கில் இருந்தவர் கெட்டவர் அல்ல. ஒரே பக்கத்தில் மாவட்டம் முழுவதையும் அடைக்க வேண்டிய மனிதர் அவர். அந்தக் குப்பத்துக்கு அவரால் அதற்கு மேல் இடம் தர முடியாது. ஊர் வானொலியால் முடியும், காலையிலும் சொல்லலாம், மாலையிலும் சொல்லலாம். அதைக் கேட்டு ஒரு நிருபர் வந்து, பெரிய பத்திரிகையில் எழுதினால் மாவட்ட நிர்வாகம் அசையும். இரண்டும் ஒன்றுக்கொன்று கை கொடுக்க வேண்டியவை. இப்போது ஒரு கையைக் கட்டிவைத்திருக்கிறோம்.

நேபாளத்தைப் பாருங்கள். காத்மாண்டுவில் 1997இல் ரேடியோ சாகர்மாதா தொடங்கியது. அதன் பின்னால் மலை ஊர்களிலெல்லாம் சமுதாய வானொலிகள் வந்தன, செய்தியும் சொன்னன. 2005 பிப்ரவரி 1 அன்று மன்னர் ஞானேந்திரா ஆட்சியைக் கையில் எடுத்ததும் எஃப்.எம். நிலையங்களில் செய்திக்குத் தடை விழுந்தது. பத்திரிகையாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பொது இடத்தில் ஒலிபெருக்கி வைத்து மக்கள் கூட்டத்துக்கு முன்னால் செய்தி வாசித்தார்கள். வழக்கும் போட்டார்கள். அந்த ஆகஸ்டில் நேபாள உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது, ஒரு நிலையத்தில் செய்தி திரும்பவும் ஒலித்தது. ஒரு மன்னர் போட்ட தடை சில மாதத்தில் ஆட்டம் கண்டது. நம்முடைய தடை 2002 முதல் அப்படியே இருக்கிறது. காமன் காஸ் என்ற அமைப்பு 2013இல் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. இத்தனை நிலையங்களைக் கண்காணிக்க வழியில்லை, தீய சக்திகள் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பது அரசின் வாதம்.

அந்த வாதத்தை நான் தூக்கி எறியவில்லை. ஒரு வதந்தி ஊரையே எரிக்கும், சாதிச் சண்டையில் மைக் யார் கையில் இருக்கிறது என்பது பெரிய கேள்வி. ஆனால் வதந்தி இப்போது எதில் பரவுகிறது? யார் அனுப்பினார் என்றே தெரியாத வாட்ஸ்அப் செய்தியில். வானொலியில் பேசுகிறவரின் குரல் ஊருக்குத் தெரியும், வீடு தெரியும், அப்பா பெயர் தெரியும். பொய் சொன்னால் மறுநாள் டீக்கடையில் பதில் சொல்ல வேண்டும். மூன்று மாதப் பதிவு வேறு அலமாரியில் இருக்கிறது.

2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது மின்கம்பங்கள் சாய்ந்தன, பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. தொலைக்காட்சி ஓடாது, செல்போனுக்குச் சார்ஜ் கிடையாது. அப்போது ஓடக்கூடியது இந்த மாதிரிப் பேட்டரி ரேடியோ. எந்தப் பாலம் உடைந்திருக்கிறது, எங்கே தண்ணீர் லாரி நிற்கிறது என்று நிலையத்துப் பிள்ளைகள் தயங்காமல் சொல்ல வேண்டுமா, அல்லது இது செய்தியா அறிவிப்பா என்று தாளில் எழுதி எழுதி அடிக்க வேண்டுமா?

அந்தப் பாட்டி என்ன ஆனார் என்று கேட்பீர்கள். நான் அங்கிருந்து கிளம்பும் முன்பே மறுபடி அழைத்தார். அறிவிப்பைக் கேட்டிருக்கிறார். "விசாரிக்கச் சொன்னாயே தாயி, யாரிடம் விசாரிக்க?" என்றார். அந்தப் பெண் ஒலிவாங்கியை அணைத்துவிட்டு, தன் சொந்தச் செல்போனில் வட்ட வழங்கல் அலுவலக எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார்.

உங்கள் ஊரைச் சுற்றிச் சமுதாய வானொலி இருந்தால், அலைவரிசை எண்ணைக் கீழே எழுதுங்கள். பெரியப்பாவின் ரேடியோவைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போது அவருக்கும் வாசித்துக் காட்டுகிறேன்.