21-ஆவது கதவைத் தட்டியது டிரைவர்: 85 லட்சம் கணினிகள் விழுந்த கதை

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. மலேசிய நேரம் மதியம் 12.09. அப்போது வெளியான ஒரு சின்னக் கோப்பு உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத் திரையில் நிறுத்தியது. கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏவின் முனையம் 2-இல் ஏர் ஏசியா கவுண்டர்களில் வரிசை நீண்டது. மலேசிய ரயில் சேவையான கேடிஎம்மின் டிக்கெட் முறையும் தடுமாறியது.

வணக்கம், சுங்கை சிப்புட்டிலிருந்து பேசுகிறேன். பின்னணி சுருக்கமாக: கோப்பு கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்துடையது. அதைப் படிக்கும் நிரலான டிரைவர், இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் ஓடுகிறது. அங்கே தவறினால் கணினியே நின்றுவிடும்.

இனிதான் எனக்குப் பிடித்த பகுதி. நம் தோட்டத்து லயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசையில் 20 வீடு. கிராணி, அதாவது எழுத்தர், கையில் உள்ள பட்டியலிலோ 21. வீடுகள்தான் டிரைவருக்குக் கிடைத்த தரவுகள், பட்டியல்தான் அந்தக் கோப்பு, கிராணிதான் டிரைவர். ஆனால் முன்பு வந்த பட்டியல்களில் 21-க்கு நேரே ‘யார் இருந்தாலும் சரி’ என்றுதான் இருந்தது. அதனால் அங்கே யாரும் போய்ப் பார்க்கவே இல்லை! சோதனையிலும் இதே கதை. மாதக்கணக்கில் எல்லாம் நன்றாகவே ஓடியது. அன்றைக்குத்தான் முதல்முறையாக ‘21-இல் இருப்பவரின் பெயரைச் சரிபார்’ என்று வந்தது. டிரைவர் போனது. வீடு இல்லை. அந்த இடத்தில் கிடந்த ஏதோ ஒரு கிறுக்கலை முகவரியாக நம்பி நடந்தது, விழுந்தது.

[திரையில்: 0 முதல் 19 வரை கட்டங்கள்]

சி, சி பிளஸ் பிளஸ் மொழிகளில் சாதாரண அரேயின் (தரவுகளை வரிசையாக வைக்கும் இடம்) எல்லையை யாரும் தானாகப் பார்த்துத் தருவதில்லை. இட எண், அதாவது இண்டெக்ஸ், 0-இல் தொடங்குவதால், 20 இடமுள்ள அரேயில் கடைசி இண்டெக்ஸ் 19. இண்டெக்ஸ் 20 வெளியே போய்விடும். ஆகவே படிக்கும் முன்பே ‘இண்டெக்ஸ், இடங்களின் எண்ணிக்கையைவிடச் சிறியதா?’ என்று கேளுங்கள். ‘சிறியது அல்லது சமம்’ என்று எழுதினால் அதே பள்ளம்தான். இண்டெக்ஸ் சிறியதாக இல்லையென்றால் பிழை எண்ணைத் திருப்பி அனுப்பிவிட்டு வெளியேறுங்கள்.

ஆனால் அந்த ஒரு வரியோடு வேலை முடிந்ததாக நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். 20 என்று ஓரிடத்தில், 21 என்று இன்னோரிடத்தில் இருந்ததுதான் வேர். கிரவுட்ஸ்ட்ரைக்கும் எல்லைச் சோதனையோடு நிற்கவில்லை. இரண்டு எண்ணிக்கையும் பொருந்துகிறதா என்பதைக் கம்பைல் செய்யும்போதே, அதாவது நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும்போதே, பார்க்க வைத்தது.

அப்புறம் சோதனை. இண்டெக்ஸாக 19, 20 இரண்டையும் கட்டாயம் கொடுங்கள். முன்னது வேலை செய்ய வேண்டும், பின்னது மறுக்கப்பட வேண்டும். தம்பி தங்கைகளே, நீங்கள் எழுதும் டிரைவரில் வெளியிலிருந்து வரும் இண்டெக்ஸ் எங்கே நுழைகிறது என்று இன்றைக்கே தேடுங்கள். சந்தேகமான வரியைக் கமெண்டில் போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.