பியானோவுக்கு எந்த ட்யூனர்? கிட்டார் கிளிப்பை ஒதுக்கி வையுங்க

வணக்கமுங்க. கிட்டார் கிளிப் ட்யூனர்ல பியானோவ சுதி சேத்தலாமுங்களா? வேண்டாமுங்க. நடு ஏ சுரத்த 440 ஹெர்ட்ஸ்ல நிறுத்தறதுக்கு மட்டும் அது ஆகும்.

பியானோக் கம்பி எஃகு, விறைப்பானது. அதனால மூல சுரத்தோட கூடவே ஒலிக்கற முதல் மேல்சுரம் சரியா ரெட்டிப்பு அதிர்வுல நிக்காம ஒரு துளி ஏறியே நிக்கும். அதுக்குத் தக்கன ஆக்டேவையும் (ஒரு சி-ல இருந்து அடுத்த சி வரைக்குமான எட்டு சுரத்தை) விரிச்சுக் கட்டோணும். பல பியானோல மேல் கோடில இருக்கற கடைசி சி, ஏட்டுக் கணக்கைவிட 30 சென்ட் (பக்கத்துப் பக்கத்துக் கட்டை ரெண்டுக்கும் நடுவுல 100 சென்ட்) வரைக்கும் மேல போகும். கிளிப்புக்கு இந்தக் கணக்கே தெரியாது, மேல ரெண்டு ஆக்டேவும் மந்தமாப் போயிரும். சின்ன அப்ரைட்ல (நிமிந்து நிக்கற பியானோல) கம்பி குட்டைங்கறதால வித்தியாசம் இன்னும் ஜாஸ்தி.

இதுக்குன்னே பியானோ ட்யூனர் ஆப்புங்க இருக்குது. ட்யூன்லேப்ங்கற ஆப்ல சி1 (அடியில இருக்கற சி) முதல் சி6 வரை ஆறு சி-ய அளந்தாப் போதும், எந்தக் கட்டைய எவ்வளவு விரிக்கோணுங்கற மொத்த வளைவையும் அதுவே போட்டுரும். பல கட்டைக்கு ரெண்டு மூணு கம்பி இருக்கும்; அளக்கறப்ப ஒரே கம்பிதான் பேசோணும், பக்கத்துக் கம்பிகளுக்கு ரப்பர் வெட்ஜ் சொருகிருங்க. வெரிட்யூனர்ங்கற ஆப் நீங்க சேத்தச் சேத்த ஒவ்வொரு கட்டையா அளந்துக்கும். பேஸ் கம்பியில இருந்து நடுவுக்குத் தாவற எடத்துல அது நல்லா வருமுங்க. என்ட்ரோபிங்கற ஆப் இலவசம், ஆனா 88 கட்டையும் முதல்லயே பதியோணும். நம்ம சர்ச்சுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ட்யூன்லேப் போதுமுன்னு நான் சொல்லுவேன்.

மின்விசிறிய நிறுத்திட்டு அளங்க. றெக்கை சுத்தறப்ப சத்தம் அலையடிக்கும், திரையும் ஒரு எடத்துல நிக்காது.

பாலக்காட்டுக் கணவாய்க் காத்து ஈரத்தோட வர்ற ஆனி, ஆடியில சவுண்ட்போர்டு (கம்பிகளோட சத்தத்தப் பெருக்கற மரப்பலகை) உப்பி நடு ஆக்டேவுகள் ஏறிக்கும், மாசி பங்குனியில எறங்கிரும். ஆனா கம்பியோட விறைப்பு மாறாதுங்க. அதுக்கோசரம் அந்த வளைவ பியானோ பேர் போட்டுச் சேமிச்சு வெச்சீங்கன்னா, அடுத்த தடவை மறுக்கா அளக்க வேண்டியதில்ல.

பியானோ முழுக்க 20 சென்ட் எறங்கிக் கெடந்தா ஒரே மூச்சுல முடியாது. கம்பிகள இழுக்க இழுக்க பாரம் ஏறி, முன்னாடி சேத்தினதெல்லாம் எறங்கும். நடுக் கட்டைகள்ல கால் பங்கு கூட்டி, அதாவது 5 சென்ட் மேல வெச்சு ஒரு சுத்து ஓட்டுங்க. பேஸ்ல கூட்டறது ரொம்பக் கம்மியா இருக்கட்டும். துரு ஏறுன கம்பின்னா இந்த வேலையே வேண்டாம், அறுந்துரும். அப்புறம் ரெண்டாவது சுத்துல நேரா சேத்துங்க.

ஒரு கட்டைக்கு மூணு கம்பி இருந்தா நடுக்கம்பிய மட்டும் ஆப்ல சேத்துங்க. மத்த ரெண்டையும் அதோட ஒட்ட வெக்கறது காதுலதான். ரெண்டு கம்பியும் ஒத்துப் போகாதப்ப கேக்கற அலை அடங்கற வரைக்கும் கம்பி சுத்தியிருக்கற பின்னைத் திருப்பி, கட்டைய நல்லா பலமா ஒரு அடி அடிச்சு, நிக்குதான்னு பாருங்க.