தண்ணீர் கொதித்த பிறகுதான் வேலையே இருக்கிறது

வணக்கம் மக்களே. மழைக்காலம் வந்தாச்சு, எல்லார் வீட்டிலும் தண்ணீர் காய்ச்ச ஆரம்பித்திருப்பீர்கள். எத்தனை நிமிடம் கொதிக்க வேண்டும் என்று கேட்டால் பத்து, இருபது என்று ஆளுக்கு ஒரு கணக்கு சொல்கிறார்கள். கேஸ் விற்கிற விலைக்கு அதெல்லாம் வேண்டாம். தளதளவென்று கொதி வந்த பிறகு 1 நிமிடம் விட்டால் போதும். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி 2,000 மீட்டருக்கு மேல் இருப்பவர்கள் 3 நிமிடம் விடுங்கள். அந்த உயரத்தில் 93 டிகிரி வாக்கிலேயே தண்ணீர் கொதித்துவிடும்.

ஆனால் அடியில் பொடிப்பொடியாகக் குமிழி வருவதைப் பார்த்து அடுப்பை அணைத்துவிடாதீர்கள். அது தண்ணீரில் கரைந்திருந்த காற்று வெளியே வருவது, அவ்வளவுதான்.

கலங்கலாக இருந்தால் தெளிய வைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, அப்புறம் காய்ச்சுங்கள். போர் தண்ணீரின் உப்பு காய்ச்சினால் போகாது. ஆவியாகிற அளவுக்குக் கொஞ்சம் கூடத்தான் செய்யும். கெமிக்கல் வாடை வருகிற தண்ணீரையும் காய்ச்சிச் சரிசெய்ய முடியாது.

இதுவரை எல்லாரும் ஒழுங்காகச் செய்துவிடுகிறோம். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் கெடுக்கிறோம். சீக்கிரம் ஆறட்டும் என்று பச்சைத் தண்ணீரை விளாவினால் காய்ச்சியதே வீண். காய்ச்சிய பாத்திரத்திலேயே மூடி போட்டு ஆற விடுங்கள். வீட்டில் ஒவ்வொருவரும் டம்ளரை விட்டு மொள்ளும்போது விரலும் சேர்ந்து முங்குகிறது. குழாய் வைத்த எவர்சில்வர் பாத்திரம் ஒன்று வாங்கிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. இல்லையென்றால் நீளக் கைப்பிடிக் கரண்டி ஒன்றை அதற்கென்றே தனியாக வையுங்கள்.

குளிக்கிற வெந்நீர் இன்னும் ஆபத்தான சமாச்சாரம். கொதிக்கிற குண்டானைக் கரித்துணியில் பிடித்துக்கொண்டு, ஹால் வழியாகப் பாத்ரூம் வரை நடப்பதைப் பார்த்தாலே எனக்குப் பதறும். நடுவில் ஒரு குழந்தை ஓடி வந்தால் என்ன செய்வீர்கள்? பாதி பக்கெட் பச்சைத் தண்ணீரை அடுப்படிக்கே கொண்டுவந்து, அங்கேயே விளாவி எடுத்துப் போங்கள். எப்போதும் பச்சைத் தண்ணீர் முதலில், வெந்நீர் அப்புறம். 60 டிகிரி சூடே சில நொடிகளில் தோலைப் பொசுக்கிவிடும். மூடியைத் திறக்கும்போது அந்தப் பக்கமாகச் சாய்த்துத் திறங்கள், ஆவி முகத்தில் அடிக்காது.

ஹீட்டர் ராடு வைத்திருப்பவர்கள்: ராடைத் தண்ணீரில் வைத்த பிறகு சுவிட்ச். சூடாகிவிட்டதா என்று விரலை விடுவதற்கு முன்னால் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கியிருக்க வேண்டும். இரும்பு, எவர்சில்வர் பக்கெட் வேண்டவே வேண்டாம். குழந்தை இருக்கிற வீட்டில், என்னைக் கேட்டால், ராடே வேண்டாம்.

சரி, கொட்டிவிட்டது, என்ன செய்வது? நம் ஊரில் இட்லி மாவு, இங்க், டூத்பேஸ்ட் எல்லாம் அப்புவார்கள். எதுவும் கூடாது, ஐஸும் கூடாது. குழாயைத் திறந்து 20 நிமிடம் காட்டுங்கள். வீங்குவதற்கு முன்னால் வளையல், மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். குழந்தை என்றாலோ, முகத்தில் பட்டாலோ, உள்ளங்கையை விடப் பெரிய இடம் வெந்திருந்தாலோ ஆஸ்பத்திரிதான், 108-க்குப் போன் போடுங்கள்.

அடுத்த வீடியோவில் சம்ப் கழுவுவதைக் காட்டுகிறேன், மழை விட்டால்.