கணக்கு சரி, முடிவு தப்பு

[திரை: 26 கட்டங்கள், கட்டத்துக்கு இரண்டு வாரம். முதல் 13-ல் ‘2,000’, மீதி காலி.]

ஒருவர் ஆறு மாதம் வேலை பார்க்கிறார். இரண்டு வாரத்துக்கு 2,000 டாலர் சம்பளம். அப்புறம் வேலை போய்விடுகிறது. மீதி ஆறு மாதம் அரசு உதவித்தொகையில் ஓடுகிறது. இதில் தப்பு ஏதும் இல்லை, இல்லையா?

[திரை: 26 கட்டங்களிலும் ‘1,000’.]

உதவித்தொகையைக் கூடுதலாக வாங்கியவர்களைக் கணினியால் கண்டுபிடித்து வசூலிக்க வந்த ஆஸ்திரேலிய அரசின் ‘ரோபோடெட்’ திட்டம் அப்படிப் பார்க்கவில்லை. வரித்துறையிடம் இருந்த ஆண்டு வருமானத்தை 26-ஆல் வகுத்தது. வேலையே இல்லாத வாரங்களிலும் அவர் சம்பாதித்ததாகக் கணக்கு வந்தது. அப்படியானால் அப்போது வாங்கிய உதவித்தொகை அதிகம் என்றாகிவிடும். விளக்கம் கேட்டுக் கடிதம் போனது. பல வருடத்துக்கு முந்தைய சம்பளச் சீட்டைத் தேடி எடுக்க முடியாதவர்கள் தலையில், அரசுக்குத் திருப்பிக் கட்ட வேண்டிய கடன் விழுந்தது.

கவனியுங்கள், செயற்கை நுண்ணறிவு எதுவும் இதில் கிடையாது. பள்ளிக்கூட வகுத்தல்தான்! கணினி முன்பும் இந்த ஒப்பீட்டைச் செய்ததுதான். ஆனால் கணக்கு இடித்தால் ஓர் ஊழியர் உட்கார்ந்து விசாரிப்பார். செலவை மிச்சப்படுத்த அந்த விசாரணையை எடுத்துவிட்டார்கள். கடைசியில், 2020-ல், சுமார் 4,70,000 கடன்களுக்காக வசூலித்த 72.1 கோடி டாலரைத் திருப்பித் தருவதாக அரசே அறிவிக்க வேண்டியதாயிற்று.

சரி, மனிதரை மறுபடி உட்கார வைத்தால் போதுமா? போதாது என்பேன். கோப்பு கோப்பாக ‘சம்மதம்’ பொத்தானை அழுத்திக்கொண்டே போகிறவர் கைநாட்டு வைக்கிறவர்தான். அவருக்கு நேரம் வேண்டும், விவரம் வேண்டும், கணினி சொன்னதைத் தள்ளிவைக்கும் அதிகாரமும் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் கொண்டுவந்த செயற்கை நுண்ணறிவுச் சட்டம், ஆபத்து அதிகமுள்ள பயன்பாடுகளில் அந்த அதிகாரத்தைக் கட்டாயமாக்குகிறது.

[திரை: மருத்துவமனை வரிசை. ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஒரு மதிப்பெண்.]

ஆனால் இதெல்லாம் கடைசிக் கட்டக் காவல். கணினியிடம் முதலில் என்ன கேட்டோம் என்பதில்தான் பாதி விஷயம் முடிந்துவிடுகிறது. அமெரிக்க மருத்துவத் துறையில் பரவலாக இருந்த ஒரு நிரல், யாருக்குக் கூடுதல் கவனிப்பு தேவை என்று சொல்லும். அது கணித்ததோ வருங்கால மருத்துவச் செலவை. நோய் அதே அளவு இருந்தும் கறுப்பின நோயாளிகளுக்குச் செலவிடப்பட்டது குறைவு. அதனால் நிரலின் கண்ணுக்கு அவர்கள் நலமாகத் தெரிந்தார்கள். இனம் என்ற தகவலையே அது பயன்படுத்தவில்லை, அதையும் சொல்ல வேண்டும். 2019-ல் ஆய்வாளர்கள் இதை வெளியிட்டார்கள். நிரலைச் செய்தவர்களோடு சேர்ந்து, செலவோடு உடல்நிலையையும் கணிக்கும்படி இலக்கை மாற்றிப் பார்த்தார்கள். பாரபட்சம் 84 சதவீதம் குறைந்தது.