மச்சத்திலும் இருக்கிறது அந்தப் பழுது

நேயர்களுக்கு வணக்கம்.

பள்ளிச் சான்றிதழில் அங்க அடையாளம் எழுதச் சொன்னால் நாம் முதலில் தேடுவது மச்சத்தைத்தான். முழங்கையில் ஒன்று, கழுத்தில் ஒன்று என்று எழுதிக் கொடுத்துவிட்டு அதோடு மறந்துவிடுவோம். எனக்கு மட்டும் அதை மறக்க முடியாத வேலை வாய்த்திருக்கிறது. நான் ஆராய்வது மெலனோமா. தோலுக்கு நிறம் தரும் செல்களில் தொடங்குகிற புற்றுநோய் அது. தோல் புற்றுநோய்களில் இது குறைவாகத்தான் வரும். ஆனால் பரவிவிட்டால் மிகவும் பொல்லாதது.

மச்சத்துக்கும் மெலனோமாவுக்கும் என்ன சம்பந்தம் என்று சொல்வதற்கு முன்னால், ஒரு செல் எப்படிப் பெருகுகிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். செல் தன் இஷ்டத்துக்குப் பெருகாது. 'பெருகு' என்று வெளியிலிருந்து செய்தி வர வேண்டும். வீட்டு வாசலில் காலிங் பெல் இருக்கிறதல்லவா, அந்த மாதிரி. யாராவது அழுத்தினால் உள்ளே மணி அடிக்கும். விரலை எடுத்தால் நின்றுவிடும். செல்லின் மேற்பரப்புக்கு வந்த செய்தியை ராஸ் என்ற புரதம் வாங்கி ராஃப் என்ற புரதத்திடம் தரும். ராஃப் அதை மெக்கிடம் தரும், மெக் எர்க்கிடம் தரும். எர்க் உட்கருவுக்குள் போய், பெருகுவதற்கு வேண்டிய மரபணுக்களை எழுப்பிவிடும். நான்கு பெயரையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். நடுவில் ராஃப், கடைசியில் எர்க். இந்த இரண்டு மட்டும் நினைவிருந்தால் போதும்.

2002இல், இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜுக்கு அருகே உள்ள சாங்கர் நிறுவனத்தில், புற்றுநோய்க் கட்டிகளின் மரபணுக்களை வரிசையாகப் படித்துக்கொண்டே வந்தார்கள். ராஃப் வகைப் புரதம் ஒன்றைச் செய்யச் சொல்லும் பி-ராஃப் என்ற மரபணுவுக்கு வந்தபோது ஆச்சரியம் காத்திருந்தது. மெலனோமாக்களில் பாதிக்கு மேல் அந்த மரபணுவில் பிழை. அதுவும் பெரும்பாலும் ஒரே இடத்தில். அந்தப் புரதத்தின் 600ஆவது இடத்தில் வேலின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும். அங்கே குளூட்டமிக் அமிலம் வந்து உட்கார்ந்திருந்தது. டிஎன்ஏவில் ஒரே ஒரு எழுத்து மாறினால் போதும், இது நடந்துவிடும். அந்த முதல் கட்டுரையை இன்று எடுத்துப் பார்த்தால் 599 என்று இருக்கும். எண்ணிக்கையைப் பிற்பாடுதான் சரிசெய்தார்கள். புதிதாக வரும் மாணவர்கள் பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு இவை இரண்டு வேறு பிழைகள் என்று நினைத்துக்கொள்வார்கள். இரண்டும் ஒன்றுதான். இந்தப் பிழை வந்துவிட்டால் பெல்லின் பட்டன் அழுந்தியபடியே சிக்கிக்கொள்ளும். வாசலில் யாரும் இல்லை. உள்ளே மணி ஓயாமல் அடிக்கிறது.

நோய்க்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று தோன்றும். ஆனால் அடுத்த ஆண்டே சாதாரண மச்சங்களைச் சோதித்தவர்கள், பெரும்பாலான மச்சங்களில் இதே பிழை இருப்பதைக் கண்டார்கள். கிட்டத்தட்ட ஐந்துக்கு நான்கு. ஆக, உங்கள் சான்றிதழில் எழுதிய அந்த மச்சத்திலும் இது இருக்கலாம். பயப்படாதீர்கள். ஒரு மச்சம் மெலனோமாவாக மாறுவது மிக மிக அரிது. நான் கேட்பது வேறு. இத்தனை பேர் உடம்பில் இந்தப் பிழை வாழ்நாள் முழுக்க இருந்தும் ஏன் ஒன்றும் ஆவதில்லை? மாணவர்களிடமும் இதைத்தான் கேட்பேன், இதை விடமாட்டேன். பிழை எது என்று சொல்லிவிட்டால் போதாது, அது எந்தச் செல்லில் உட்கார்ந்திருக்கிறது என்றும் சொல்ல வேண்டும்.

2005இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு குழு இதற்கு ஒரு பதில் வைத்தது. பிழை வந்த நிறமிச் செல் கொஞ்ச காலம் பெருகுகிறது. அதனால்தான் மச்சம் என்று கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்கிறது. அப்புறம் செல்லே தன்னை நிறுத்திக்கொள்கிறது. அப்படி நிறுத்தும் புரதங்களில் ஒன்று பி-16. மச்சத்தை மெல்லிய சீவலாக்கி, பி-16 உள்ள இடம் பழுப்பாகத் தெரியும்படி சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், செல்கள் சிறு சிறு கூட்டங்களாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு செல் நல்ல பழுப்பு. தொட்டுக்கொண்டிருக்கும் பக்கத்துச் செல் வெளுப்பு. அந்த வெளுத்த செல்லும் பெருகாமல் சும்மாதான் இருக்கிறது. அப்படியென்றால் அதை நிறுத்தி வைத்திருப்பது வேறு ஏதோ ஒன்று. எத்தனை முறை பார்த்தாலும் என் கண் போவது அந்த வெளுத்த செல்லிடம்தான். மெலனோமாவில் பார்த்தால் இந்தத் தடைகள் ஒவ்வொன்றாகப் போயிருக்கும். பி-16 போயிருக்கும், சிலவற்றில் பி-டென் என்ற இன்னொரு தடையும் போயிருக்கும்.

சரி, மருந்துக்கு வருவோம். சிக்கிய ராஃபை அடக்கும் வெமுராஃபெனிப் என்ற மாத்திரைக்கு 2011 ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. உடம்பெல்லாம் பரவியிருந்த கட்டிகள் சில வாரங்களில் சுருங்கின. அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை பரவிய மெலனோமாவுக்குச் சொல்லிக்கொள்ளும்படி மருந்தே கிடையாது. ஆனால் பெரும்பாலானவர்களுக்கு ஏறக்குறைய ஆறு மாதத்தில் கட்டி மறுபடி வளர்ந்தது. செல்கள் ராஸில் புதிய பிழை ஏற்படுத்திக்கொண்டோ, மெக்கில் ஏற்படுத்திக்கொண்டோ, எப்படியோ கடைசியில் எர்க்கை எழுப்பிவிட்டன. அதனால் ராஃபையும் மெக்கையும் சேர்த்து அடக்கும் மருந்து ஜோடி 2014இல் வந்தது. அதைச் சாப்பிட்டவர்களில் மூன்றில் ஒருவர் ஐந்து ஆண்டுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த கதை. பெருங்குடல் புற்றுநோயிலும் பத்தில் ஒருவருக்கு இதே பி-ராஃப் பிழை உண்டு. அதே 600ஆவது இடம், அதே எழுத்து மாற்றம். அப்படியானால் அதே மாத்திரையைக் கொடுக்கலாமே? கொடுத்தார்கள். பெரும்பாலானவர்களுக்குக் கட்டி அசையவே இல்லை. மாத்திரையில் கோளாறு இல்லை, பிழையும் அதேதான். பின் என்ன?

ஆய்வகத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். வேலை செய்யும் எர்க் எவ்வளவு இருக்கிறதோ அந்த அளவுக்குக் கறுப்பாக ஒரு பட்டை விழும்படி ஒரு சோதனை இருக்கிறது. மெலனோமா செல், பெருங்குடல் செல் இரண்டுக்கும் மருந்தைப் போடுங்கள். ஒரு மணி நேரத்தில் இரண்டிலும் பட்டை மங்கிவிடும். வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்து வந்து பாருங்கள். மெலனோமாவில் பட்டை இன்னும் மங்கலாகத்தான் இருக்கும். பெருங்குடல் செல்லில் மறுபடி கறுத்து நிற்கும். மருந்து அங்கேயே இருக்கிறது, ஆனாலும் பட்டை திரும்பிவிட்டது.

இதை 2012இல் ஆம்ஸ்டர்டாமில் ரெனே பெர்னார்ட்ஸ் குழு அவிழ்த்தது. செல்லில் உள்ள கைனேஸ் என்ற வகைப் புரதங்களை ஒவ்வொன்றாக முடக்கி, எதை முடக்கினால் மருந்து வேலை செய்கிறது என்று தேடினார்கள். கையில் சிக்கியது இஜிஎஃப்ஆர், செல்லின் மேற்பரப்பில் இருக்கிற வளர்ச்சி ஏற்பி. எர்க் ஓங்கியிருக்கும்போது அது இந்த ஏற்பியையும் அடக்கியே வைத்திருக்கிறது. மருந்து எர்க்கைத் தாழ்த்தியதும் அந்தப் பிடி தளர்ந்து ஏற்பி விழித்துக்கொள்கிறது. புதுச் செய்தி உள்ளே போகிறது, எர்க் திரும்புகிறது. நிறமிச் செல்லில் இந்த ஏற்பி சொற்பமாகத்தான் இருக்கும், அதனால் அங்கே மருந்துக்கு வழி கிடைக்கிறது. ராஃபையும் இந்த ஏற்பியையும் சேர்த்து அடக்கும் சிகிச்சைக்குப் பெருங்குடல் புற்றுநோயில் 2020இல் அனுமதி கிடைத்தது. மறுபடியும் சொல்கிறேன்: பிழை ஒன்றுதான், செல் வேறு. அந்த வித்தியாசம் புரிந்த பிறகுதான் அந்த நோயாளிகளுக்கு மருந்தே கிடைத்தது.

நம்மைப் போன்ற மாநிறம், கறுப்பு நிறத்தோர் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றும் இருக்கிறது. வெள்ளைத் தோலில் மெலனோமாவுக்குப் பெரும் காரணம் வெயில். நமக்கு வரும்போது அது வெயில் படாத உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும் வருவதுதான் அதிகம். அந்த வகையில் பி-ராஃப் பிழை குறைவு, கிட் என்ற வேறொரு புரதத்தில் சிலருக்குப் பிழை இருக்கும். பாடகர் பாப் மார்லிக்குக் கால் பெருவிரல் நகத்தடியில்தான் வந்தது. 1981 மே மாதம், 36 வயதில் இறந்தார். நம் வீடுகளில் இதைக் கால் ஆணி என்று நினைத்து எருக்கம்பால் வைத்துக்கொண்டோ, நகத்தில் இடித்த ரத்தக்கட்டு என்று விட்டுவிட்டோ மாதக்கணக்கில் போய்விடுகிறது. ரத்தக்கட்டு நகம் வளர வளர முன்னால் நகர்ந்து போய்விடும். நகராமல் நிற்கிற கறுப்புக் கோடு, அகலமாகிக்கொண்டே வரும் கோடு, நகத்தைத் தாண்டித் தோலுக்குப் பரவும் கறுப்பு, உள்ளங்காலில் வளரும் கரும்புள்ளி, ஆறாத புண் – இவற்றைத் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். சர்க்கரை நோயாளிகள் தினமும் பாதத்தைப் பார்க்கிறார்களே, அப்போது இதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம்.

நேரமாகிவிட்டது என்று இங்கே கைகாட்டுகிறார்கள். நம் நோய் எதிர்ப்புச் செல்களை ஏவிவிடும் சிகிச்சை பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பி-ராஃப் பிழை உள்ள, பரவிய மெலனோமாவில் எதை முதலில் கொடுப்பது என்று ஓர் ஆய்வு ஒப்பிட்டது. எதிர்ப்புச் சிகிச்சையில் தொடங்கியவர்களில் இரண்டு ஆண்டு முடிவில் 72 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். ராஃப், மெக் மாத்திரைகளில் தொடங்கியவர்களில் 52 சதவீதம். மாத்திரைக்கு முதலில் அடங்கிய கட்டி அப்புறம் ஏன் எதிர்ப்புச் செல்களுக்கு மசிய மாட்டேன் என்கிறது என்பதைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறோம். உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நோய் இருந்து மரபணுச் சோதனை முடிவும் கையில் வந்துவிட்டால், எதை முதலில் கொடுக்கப் போகிறீர்கள், ஏன் என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். வணக்கம்.