"நாவல் படியுங்கள்" என்ற தம்பிக்கு

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். ஃபேன்டஸி ஆர்பிஜி, அதாவது மாய உலகில் நாமே ஒரு பாத்திரமாக மாறி ஆடும் வீடியோ கேமில், மனசு நிறைவது சண்டையாலா, நாம் எடுக்கும் முடிவுகளாலா? முடிவுகளால்தான் என்பது எங்கள் கட்சி.

எதிரணித் தம்பி எல்டன் ரிங் என்ற கேமைப் பற்றி அழகாகப் பேசினார். அதில் வரும் மலேனியா என்ற கடும் எதிரியிடம் செத்துச் செத்து எழுந்து ஜெயிப்பது பெரிய சுகம்தான், மறுக்கவில்லை. ஆனால் போகிற போக்கில், "கதை வேண்டுமென்றால் நாவல் படியுங்கள், கையில் கண்ட்ரோலர் எதற்கு?" என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கிவிட்டார். எதற்கென்று சொல்கிறேன் தம்பி, கேளுங்கள்.

2015இல் போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம் வெளியிட்ட கேம், விட்சர் 3. அதில் வேலன் என்றொரு சதுப்பு நிலம். அங்கே ஒரு பாரன், அதாவது அந்தப் பகுதிப் பிரபு, ஊரறிந்த குடிகாரர். மனைவி அன்னாவையும் மகள் தமாராவையும் காணவில்லை, தேடிக்கொடு என்கிறார். தோண்டத் தோண்ட உண்மை வருகிறது. குடித்துவிட்டு மனைவியை அடித்திருக்கிறார். கரு கலைந்திருக்கிறது. பெயர்கூட வைக்காமல் புதைத்த அந்தச் சிசு பிசாசாக எழுந்து வருகிறது.

வெட்டலாம். ஒரு சண்டையோடு தீர்ந்தது. இல்லையா, பெயர் வைத்து முறையாக அடக்கம் செய்யலாம். அதற்கு அடித்த அந்தக் கைகளே பிள்ளையை ஏந்தி, இரவில் நடந்துவர வேண்டும். நாம் கூடவே போகிறோம். அது சீறினால் மந்திரம் போட்டு அடக்குவது நாம். வழியில் ஆவிகள் பாய்ந்தால் வாளை உருவுவதும் நாம். சண்டை இங்கேயும் இருக்கிறது தம்பி! ஆனால் நம் முதுகுக்குப் பின்னால் பிள்ளையை ஏந்திக்கொண்டு ஒரு தகப்பன் நிற்கிறானே, அதனால்தான் அந்தச் சண்டைக்கே உயிர். வீட்டு வாசற்படியில் புதைத்து "டேயா" என்று பெயர் வைக்கிறார்கள். நாவலில் இதைப் படிக்கலாம். அந்தத் தகப்பனுக்குத் துணையாக நடக்க முடியுமா?

அப்புறம், மரத்தடியில் சிறைப்பட்ட ஓர் ஆவி. "என்னை விடுவி, அநாதைப் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறேன்" என்றது. விடுவித்தேன். பிள்ளைகள் பிழைத்தார்கள். ஆனால் அந்த முடிவாலேயே அன்னா செத்தாள், பாரன் தூக்கில் தொங்கினார். நாவலாசிரியர் கொன்றிருந்தால் அவரைத் திட்டிவிட்டுப் புத்தகத்தை மூடியிருப்பேன். இங்கே யாரைத் திட்டுவது?

நடுவர் அவர்களே, குடித்துவிட்டு வந்து அடிக்கிற அப்பாவை இந்த அவையில் பலருக்குத் தெரியும். தமாரா வீட்டுக்குத் திரும்ப மறுத்துவிட்டாள். நியாயம் அவள் பக்கம்தான். ஆனாலும் அந்த முடிவுக்கு முன்னால் சேமித்து வைத்திருந்த இடத்திலிருந்து கேமை மறுபடி திறந்தேன். ஆவியைக் கொன்றுவிட்டால் அன்னா சித்தம் கலங்கியாவது உயிரோடு இருப்பாள், பாரன் அவளை வைத்தியத்துக்கு அழைத்துப்போவார். ஆனால் அந்தப் பிள்ளைகள் போய்விடுவார்கள். அம்மாவா, பிள்ளைகளா? பட்டனில் விரலை வைத்துக்கொண்டு அழுதேன் ஐயா. எதை அமுக்குவது? உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.